மீன் குஞ்சுகளைக் குளத்தில் விடும் முறை

நம் கிராமங்களில் உள்ள ஏரிகளும் குளங்களும் பயிருக்காகவும் குடிநீருக்காகவும் நம் முன்னோர் வெட்டி வைத்தவை. மீன் என்பது அவற்றிலிருந்து உபரியாகக் கிடைக்கும் செல்வம். வரியைத் தவிர வேறு வருமானம் அதிகம் இல்லாத ஒரு பஞ்சாயத்துக்குக் குளத்து மீன் ஏலம் பெரிய ஆதரவு. ஆனால், குஞ்சு வாங்குவதற்குப் பணம் ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றுவதில் நாம் காட்டும் அக்கறையில் நான்கில் ஒரு பங்கைக்கூட அக்குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும் அந்த அரைமணி நேரத்தில் காட்டுவதில்லை. நஷ்டங்களில் பெரும்பகுதி அந்த அரைமணியிலும் அதை அடுத்த இரண்டு நாட்களிலும் ஏற்படுவதே. ஆகவே இக்கட்டுரையில் மீன் வளர்ப்பு முழுவதையும் விவரிக்காமல், குஞ்சைப் புதுத் தண்ணீருக்குப் பழக்கிக் காப்பாற்றும் வகையை மட்டும் விரிவாக எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் குஞ்சின் வரலாற்றைச் சிறிது அறிவது நலம். நாம் குளங்களில் விடும் கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய மூன்றும் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளுக்கு உரியவை. மழைக்காலத்தில் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுமேயன்றித் தேங்கிய குளத்தில் இவை தாமாக முட்டையிடுவதில்லை. முற்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டிப் பிடித்த குஞ்சுகளையே நாடெங்கும் அனுப்பி வந்தனர். அவற்றோடு பிற மீன்களை விழுங்கும் இனங்களின் குஞ்சுகளும் கலந்தே வரும். 1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் தேதி, ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி, கே. எச். அலிகுஞ்ஞி என்னும் விஞ்ஞானிகள், மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தனர். இன்று நாடெங்கும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுவது இதன் பொருட்டே. மேட்டூர், பவானிசாகர், சாத்தனூர், வைகை அணை போன்ற இடங்களில் உள்ள பண்ணைகளில் கலப்பில்லாத குஞ்சுகள் உற்பத்தியாவதற்கு அடிகோலியது அந்தச் சோதனையே.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு சுமார் மூன்று நாட்கள் தன் வயிற்றடியில் உள்ள கருவுணவைக் கொண்டே உயிர் வாழும். பிறகு நாற்றங்கால் குளத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்ந்து ஓர் அங்குல அளவை அடையும். மேலும் இரண்டு மூன்று மாதம் வளர்த்தால் விரல் நீளம் ஆகும். இதனையே விரலி என்கிறோம். ஊர்ப் பொதுக்குளத்திற்கு ஏற்றது இந்த விரலிதான். விலை குறைவு என்று கருதிச் சிறு குஞ்சை வாங்கிப் பெரிய ஏரியில் விடுவது, நாற்றுப் பாவாமல் நெல்லை வாரி ஆற்றில் இறைப்பதற்கு ஒப்பாகும்.

தண்ணீர் மாறினால் என்ன நேருகிறது?

மனிதனுடைய உடல், வெளியில் வெயில் அடித்தாலும் பனி பெய்தாலும் ஒரே சூட்டில் நிற்கிறது. மீனின் உடல் அப்படியன்று. சுற்றியுள்ள தண்ணீரின் சூடு எதுவோ அதுவே மீனின் சூடு. 27 டிகிரியில் இருந்த குஞ்சை, நடுப்பகலில் 33 டிகிரிக்குக் காய்ந்து கிடக்கும் கரையோரத் தண்ணீரில் கவிழ்த்தால், அதன் இரத்த ஓட்டம், சுவாசம், நரம்பு ஆகிய அனைத்தும் ஒரு நொடியில் அந்த ஆறு டிகிரியைத் தாண்டியாக வேண்டும். குஞ்சு நிலைகுலைந்து பக்கவாட்டில் சாய்கிறது. அப்பொழுதே இறந்தால் நமக்குக் காரணம் விளங்கிவிடும். பெரும்பாலும் அப்படி இறப்பதில்லை, நீந்திப் போய்விடுகிறது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து மிதக்கிறது. எனவேதான் குற்றம் வேறு எதன் மீதோ, வேறு எவர் மீதோ சுமத்தப்படுகிறது.

இரண்டாவது, பிராணவாயு. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் பிராணவாயு உண்டு. 30 டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் தண்ணீரிலோ முழுமையாகக் கரைந்தாலும் ஆறு மில்லிலிட்டருக்கு மேல் தங்காது. இந்தச் சொற்பத்தைக் கொண்டே மீன் வாழ வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதிலுள்ள பிராணவாயு குறைகிறது. மீனின் தேவையோ ஏறுகிறது.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. பாலிதீன் பையில் அடைபட்டு வரும் குஞ்சுகள் கரியமில வாயுவையும் அமோனியாவையும் தண்ணீரில் விட்டுக்கொண்டே வருகின்றன. கரியமில வாயு சேர்ந்த தண்ணீர் சற்றுப் புளிப்புத் தன்மை அடைவதால், அந்த அமோனியா விஷமற்ற உருவில் அடங்கியிருக்கிறது. பையின் வாயைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, புளிப்பு நீங்குகிறது, அமோனியா விஷமாகிவிடுகிறது. ஆகவே, குஞ்சுகளுக்குக் காற்று வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு பைகளைத் திறந்து வைத்துவிட்டு, மற்ற வேலைகளைப் பார்ப்பது நஞ்சூட்டுவதற்குச் சமமாகும். திறந்தால் உடனே விட வேண்டும். விடும் நேரம் வரவில்லையென்றால் திறக்கவே கூடாது.

புறப்படுவதற்கு முன்

பண்ணையில் குஞ்சு எடுப்பதற்கு ஒரு நாள் முன்பாகவே ஊராரில் பொறுப்புள்ள இருவர் செல்வது நல்லது. குஞ்சுகளை ஒரு நாள் இரை கொடாமல், ஓடும் தண்ணீரில் நெருக்கமாக அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் பைத் தண்ணீர் கெடாது. காலையில் இரை தின்ற குஞ்சை மதியம் பையில் கட்டினால், பாதி வழியில் தண்ணீர் கலங்கி நுரைக்கும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும், இரண்டு பங்கு பிராணவாயுவும் இருக்க வேண்டும். தண்ணீர் அதிகமாக இருந்தால் நல்லது என்று நம்மவர்கள் வாதாடுவதுண்டு. மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், குஞ்சைக் காப்பது பையில் உள்ள வாயுவேயன்றித் தண்ணீரன்று என்பது புலனாகும்.

குளத்தையும் முன்னதாகவே தயார் செய்திருக்க வேண்டும். விராலும் கெளுத்தியும் நிறைந்த குளத்தில் விரலியை விடுவது அவற்றுக்கு விருந்து வைப்பதாகும். வற்றுகிற குளமானால் வற்றியபோது அவற்றைப் பிடித்து விடலாம். வற்றாத சிறு குளத்திற்கு இலுப்பைப் புண்ணாக்கு உகந்தது. மூன்றடி ஆழமுள்ள ஓர் ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ தேவைப்படும். இதனால் மடியும் மீன்களைச் சாப்பிடலாம். புண்ணாக்கும் பிறகு எருவாகிறது. ஆனால் அதன் வேகம் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். குடிநீர் ஊருணிகளில் இதனைச் செய்யலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜிலேபி மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1952இல் மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், குளத்திலேயே ஓயாமல் குஞ்சு பொரித்துப் பெருகி மற்றவற்றின் இரையைப் பறித்துக் கொள்கிறது. அரித்து எடுக்க முடிந்தவரை எடுத்துவிடுவதே நல்லது.

ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ வரை சுண்ணாம்பும், அதற்கு ஒரு வாரம் கழித்து இரண்டு டன் தொழுவுரமும் இட்டால், தண்ணீரில் கண்ணுக்கெட்டாத நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீர் இளம்பச்சை நிறம் பெறும். முழங்கை வரை கையை நீட்டித் தண்ணீரில் அமிழ்த்தும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்து மறைந்தால் அது சரியான பக்குவம். மணிக்கட்டு அளவிலேயே மறைந்தால் உரம் மிகுதி. அப்படிப்பட்ட குளத்தில் விடியற்காலையில் பிராணவாயு மிகவும் குறைந்துவிடும். புது வெள்ளத்தின் செம்மண் கலங்கலில் கை மறைவது வேறு விஷயம். அந்த மண் செவுள்களை அடைக்குமாதலால், வடகிழக்குப் பருவமழையின் கலங்கல் தெளிந்த பிறகே குஞ்சு விட வேண்டும்.

விடும் நேரமும் முறையும்

காலை வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆனபின், ஏறக்குறைய ஏழு மணி முதல் ஒன்பது மணிக்குள் விடுவது உத்தமம். விடியுமுன் குளத்தில் பிராணவாயு மிகக் குறைவு. நடுப்பகலில் சூடு மிகுதி. பச்சை பிடித்த குளத்தில் பிற்பகலில் தண்ணீரின் காரத்தன்மையும் ஏறிவிடுகிறது.

பைகள் வந்து சேர்ந்ததும் வாயைத் திறவாமலே அவற்றைக் குளத்தில், நிழலுள்ள பக்கமாக மிதக்கவிட வேண்டும். கரையோரச் சேற்றுத் தண்ணீரில் அல்ல. இடுப்பளவு ஆழத்தில் மிதக்கவிட வேண்டும். பதினைந்து நிமிஷம் முதல் அரைமணி வரை இப்படி இருந்தால் இரண்டு தண்ணீரின் சூடும் சமமாகும். சிறு உஷ்ணமானி ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வாங்கி வைத்தால் ஊகத்திற்கு இடமில்லை. அது இல்லையேல், புறங்கையைப் பையின் மேலும் குளத்திலும் மாறி மாறி வைத்துப் பார்த்து, வேற்றுமை தெரியாதவரை காத்திருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு பையாகத் திறக்க வேண்டும். எல்லாப் பைகளையும் ஒரே சமயத்தில் திறக்கலாகாது. ஒரு சொம்புக் குளத்துத் தண்ணீரை மெதுவாகப் பைக்குள் ஊற்றி இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, மறுபடியும் ஊற்றி, இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தால் பைத் தண்ணீர் இரட்டிப்பாகும். ஓரிரண்டு மணிப் பயணமானால் இதனைக் கால் மணி நேரம் நிதானமாகச் செய்யலாம். இரவெல்லாம் பயணம் செய்து வந்த பையானால், முன் சொன்ன அமோனியா காரணமாக ஐந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும். இறுதியாகப் பையின் வாயைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தால், வலிவுள்ள குஞ்சுகள் தாமே எதிர்த்து நீந்தி வெளியேறும். கடைசிவரை வெளியேறாமல் அடியில் கிடப்பவற்றை எண்ணிக் குறித்துக் கொள்ள வேண்டும். மேலேயிருந்து கொட்டுவதோ, கையால் அள்ளி வீசுவதோ கூடாது; கை பட்ட இடத்தில் மேல் வழுவழுப்பு நீங்கிப் பூஞ்சணம் பற்றும். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் இதில் மிகவும் மென்மையானவை.

இங்கே நம் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் காலையில் வர வேண்டிய விருந்தினர் வரத் தாமதமாயிற்று. பந்தல் விருந்தினருக்கு; வெயில் மீன் பைகளுக்கு என்று ஆயிற்று. இரண்டு மணி நேரம் கரையில் காய்ந்த பைகளை, உச்சி வேளையில் கரைமேல் நின்றவாறே கொட்டினார்கள். மறுநாள் காலை சில குஞ்சுகளும், அதற்கு அடுத்த நாள் பெருந்திரளாகவும் மிதந்தன. மிதந்தவை அனைத்தும் குளத்தின் கீழ்க்கரையில் ஒதுங்கியிருந்தன. அக்கரையை ஒட்டி வாழ்பவர்கள் ஒரு தெருவார். மீன் ஏல விஷயத்தில் அவர்களுக்கும் மற்றத் தெருவாருக்கும் முன்பே மனஸ்தாபம் உண்டு. அவர்கள்தாம் குளத்தில் மருந்து கலந்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. பால் வாங்குவது நின்றது. கோயில் கூட்டம் கலைந்தது. போலீசுக்கு மனு எழுதும் அளவுக்கு முற்றிவிட்டது.

நாமும் மீன்துறை ஆய்வாளரும் குளத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். செத்தவை அனைத்தும் புதிதாக விட்ட விரலிகள். குளத்தில் முன்பே இருந்த அயிரையும் கெண்டைப்பொடியும் கரையோரத்தில் கூட்டங்கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன, தவளைகள் குதித்தன, தண்ணீர்ப்பூச்சிகள் மேலே சறுக்கிக்கொண்டிருந்தன. விஷம் கலந்திருந்தால் புது மீன், பழைய மீன் என்று பாகுபாடு பார்த்துக் கொல்லுமா? பூச்சிமருந்தானால் முதலில் மடிவது பூச்சியல்லவா? கீழ்க்கரையில் ஒதுங்கியதற்குக் காரணம், அந்த இரண்டு நாட்களாக வீசிய மேல்காற்று. ஆய்வாளர் ஒரு துரும்பைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். அதுவும் கீழ்க்கரைக்கே சென்றது. இரு தெருப் பெரியவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனு எழுதப்படவில்லை. எனினும் பழைய சுமுகம் திரும்பச் சில மாதங்கள் ஆயின. மீனின் விலையைவிட இதுவே பெரிய நஷ்டம் என்பது நம் அபிப்பிராயம்.

அது முதல் நம் வட்டாரத்தில் ஒரு வழக்கத்தை வற்புறுத்தி வருகிறோம். குஞ்சு விடும் நாளில், வந்த சரக்கிலிருந்து நூறு விரலிகளை எண்ணி, கொசுவலைத் துணியால் பெட்டிபோல் தைத்து நான்கு மூங்கில் கழிகளில் கட்டிய கூண்டில், அதே குளத்திலேயே விட்டுவிட வேண்டும். இதனை மீன்பண்ணைக்காரர்கள் ஹாப்பா என்பார்கள். இரண்டு நாள் கழித்து எல்லாத் தெருவாரும் இருக்கும்போது எண்ண வேண்டும். நூற்றுக்கு எத்தனை பிழைத்தன என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். இலுப்பைப் புண்ணாக்கு இட்ட குளமானால், குஞ்சு வாங்கப் புறப்படுமுன்பே பத்துப் பதினைந்து சிறு மீன்களை இக்கூண்டில் ஒரு நாள் விட்டுப் பார்த்து, அவை பிழைத்த பிறகே பணம் கட்டலாம்.

முதல் மாதம்

விட்ட அன்று இரை வேண்டாம். மறுநாள் முதல் அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம எடையாகக் கலந்து, ஊறவைத்து உருண்டையாக்கித் தட்டுகளிலோ ஓட்டையிட்ட சாக்குகளிலோ கட்டி விடலாம். ஏக்கருக்கு 2,000 விரலி விட்டு, ஒவ்வொன்றும் 10 கிராம் எடையிருப்பின் மொத்தம் 20 கிலோ. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு என்ற கணக்கில் நாளொன்றுக்கு 600 கிராம் முதல் ஒரு கிலோ இரையே போதும். மாலையில் தட்டில் மிச்சமிருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். தின்னாத இரை அழுகிப் பிராணவாயுவைத் தின்றுவிடும்.

மேகமூட்டமான நாட்களில் விடியற்காலையில் ஒருவர் குளக்கரைக்குச் செல்ல வேண்டும். குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தால் பிராணவாயு குறைந்துவிட்டதென்று பொருள். இரையையும் எருவையும் உடனே நிறுத்தி, பம்ப்செட்டால் குளத்துத் தண்ணீரையே இறைத்து உயரத்திலிருந்து விழச் செய்யலாம். வழியில்லையேல் மூங்கில் கழிகளால் தண்ணீரை அடித்துக் கலக்கலாம்.

நீர்க்காகமும் கொக்கும் வரும். குளத்தின் ஒரு மூலையில் பனையோலைகளைக் கட்டி அமிழ்த்தினால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். வயல்களில் மருந்து தெளித்த பின் வடியும் தண்ணீர் குளத்திற்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் குளத்து ஏலதாரரும் ஆயக்கட்டுதாரர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது மிக அவசியம்.

கண்ணாடித் தொட்டி மீனுக்கும் இதே விதி

சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் அலங்கார மீன் வளர்ப்பு பல குடும்பங்களின் ஜீவனோபாயமாக உள்ளது. அதைக் கண்டு நம் கிராமத்து மகளிர் குழுக்களிலும் இளைஞர்களிலும் சிலர் இத்தொழிலில் ஈடுபட்டு வருகின்றனர். ஏஞ்சல் மீனின் இளங்குஞ்சு விரலியைவிடப் பலமடங்கு மென்மையானது. பையைத் தொட்டியில் மிதக்கவிடுவதும், சிறுகச் சிறுகத் தண்ணீர் கலப்பதும் இதற்கும் பொருந்தும். ஆனால் இரண்டு வேற்றுமைகள் உண்டு. குளம் பெரிது, பைத் தண்ணீர் அதில் கரைந்துவிடும். தொட்டி சிறிது, ஆகவே பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் குஞ்சை மட்டும் மெல்லிய வலையில் எடுத்து விட வேண்டும். மற்றொன்று, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் செவுளை எரித்துவிடும். திறந்த தொட்டியில் காற்று ஊதி ஒரு நாள் வைத்திருந்த பிறகே அதனைப் பயன்படுத்தலாம். புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியானால் பலமுறை நீர் நிரப்பி வடித்து அதன் காரத்தைப் போக்கிய பின்னரே மீன் விட வேண்டும். தொட்டியில் ஒரே நாளில் ஐம்பது குஞ்சுகளை விடுவதும் தவறு. அமோனியாவைச் சிதைக்கும் நற்கிருமிகள் தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். முதலில் ஐந்தாறு விட்டு, பிறகு படிப்படியாகக் கூட்டலாம்.

கலங்கலும் மதகும்

இறுதியாக ஏரிகளைப் பற்றி ஒன்று. மதகிலும் கலங்கலிலும் மூங்கில் தட்டியோ வலையோ கட்டாமல் விரலியை விட்டால், முதல் பெருமழையில் அது அடுத்த ஊர் ஏரிக்குச் சென்றுவிடும். கட்டிய தட்டியில் தழையும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்துக்கொண்டால் ஏரிக்கரைக்கே ஆபத்து. எனவே மழை நாட்களில் இரவு பகலாகத் தட்டியைத் துப்புரவு செய்ய ஏலதாரர் தம் செலவில் ஆள் வைக்க வேண்டும் என்றும், தண்ணீர் கலங்கலைத் தாண்டி ஏறும்போது நீர்க்கட்டியோ பஞ்சாயத்துத் தலைவரோ சொன்ன மாத்திரத்தில் தட்டியை எடுத்துவிட வேண்டும் என்றும் ஏல நிபந்தனையிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுவது நல்லது.